மலையேற்ற வரலாற்றில் தஞ்சாவூர்

மலைகளிலும் காடுகளிலும் நடந்து செல்வதையும் தொலைவிலுள்ள சிகரங்களில் ஏறுவதையும் பொழுதுபோக்காகக் கொள்ளும் வழக்கம் மலையேற்றம் எனப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் இதன் காட்டுநடை வடிவத்தைப் 'புஷ்வாக்கிங்' என்கிறார்கள். இந்தியாவில் 'டிரெக்கிங்' என்ற சொல் பரவலாக வழங்குகிறது. தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கின் வரலாறு பெரும்பாலும் நீலகிரி, கொடைக்கானல், ஆனைமலை ஆகியவற்றைச் சுற்றியே சொல்லப்படுகிறது. ஆனால் மலையே இல்லாத காவிரி டெல்டாவுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. மலையேறுபவர்கள் நம்பி நடக்கும் வரைபடங்களுக்கும் சிகரங்களின் உயரக் கணக்குகளுக்கும் அடிப்படையான நில அளவை, 1808ஆம் ஆண்டு தஞ்சாவூரில் ஒரு விபத்தைச் சந்தித்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றப்பட்ட அளவைக் கருவி கயிறு அறுந்து சுவரில் மோதியது. அந்த விபத்தும் அதன் பின்னணியும் தொடர்ச்சியும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

மேடில்லாத நிலம்

காவிரி டெல்டா கல்லணைக்குக் கிழக்கே விசிறிபோல் விரியும் வண்டல் சமவெளி. காவிரி, வெண்ணாறு, அவற்றிலிருந்து பிரியும் அரசலாறு, வெட்டாறு, குடமுருட்டி முதலிய கிளைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மண் அது. தஞ்சாவூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடற்கரை வரை நிலம் மெல்லச் சரிகிறது. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத இந்தச் சரிவுதான் வாய்க்கால் பாசனத்தைச் சாத்தியமாக்கியது. நெல் வயலில் நீர் தேங்கவும் வேண்டும், வடியவும் வேண்டும். இரண்டுக்கும் ஏற்ற நிலம் இது.

இத்தகைய நிலத்தில் இயற்கையான மேடு என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களில் மலை கிடையாது. டெல்டாவின் மேற்கு வாயிலில் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை தனிப்பாறையாக நிற்கிறது. அதற்கு அப்பால் வடமேற்கில் பச்சைமலையும் கொல்லிமலையும் உள்ளன. டெல்டாவுக்குள் உயர்ந்து நிற்பவை மனிதர் கட்டிய கோபுரங்களே. தென்னைகளுக்கும் மூங்கில் புதர்களுக்கும் மேலே தெரியும் கோபுரத்தைக் கொண்டே எந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று வழிநடந்தோர் அறிந்தனர்.

தட்சிணமேரு

முதலாம் இராசராச சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில், அம்மன்னனின் 25ஆம் ஆட்சியாண்டில் நிறைவு பெற்றது. பதின்மூன்று நிலைகள் கொண்ட அதன் விமானத்தின் உயரம் 216 அடி, அதாவது ஏறத்தாழ 66 மீட்டர் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. தஞ்சாவூரிலிருந்து கடல் வரை நிலம் இறங்கும் மொத்த உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கோயிலின் கல்வெட்டுகளில் 'தட்சிணமேரு விடங்கர்' என்ற இறைவன் பெயர் காணப்படுகிறது. தட்சிணமேரு என்றால் தென்திசையின் மேருமலை. புராண மரபில் மேரு உலகின் நடுவே நிற்கும் மலை. மலையில்லாத நாட்டில், கருங்கல் கிடைக்காத மண்ணில், வெளியிலிருந்து கல் கொண்டுவந்து எழுப்பிய கட்டடத்துக்கு மலையின் பெயர் அமைந்தது. அந்தக் கற்களை உச்சிக்கு ஏற்றச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து நீண்ட சாரம் அமைக்கப்பட்டது என்பது அப்பகுதியில் வழங்கும் செவிவழிச் செய்தி.

எண்ணூறு ஆண்டுகள் கழித்து, வேறொரு பாரத்தை அதே விமானத்தின் உச்சிக்கு ஏற்ற முயற்சி நடந்தது. இம்முறை அந்தக் கட்டடம் உண்மையாகவே ஒரு மலையின் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

அளவைக்கு ஏன் உயரம் தேவை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த நிலப்பரப்பு வேகமாக விரிந்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதே ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கையால் தஞ்சாவூர் அரசின் நிர்வாகம் கம்பெனிக்குச் சென்றது; இரண்டாம் சரபோசி மன்னரின் அதிகாரம் பெயரளவில் சுருங்கியது. 1801இல் கருநாடக நவாபின் ஆட்சிப்பகுதியும் கம்பெனி வசமானது. வரி தண்டவும் படை நடத்தவும் துல்லியமான வரைபடம் தேவைப்பட்டது. அதே காலத்தில் பூமியின் வடிவம் எத்தகையது என்ற அறிவியல் கேள்வியும் ஐரோப்பிய அறிஞர்களிடையே பேசப்பட்டு வந்தது. இவ்விரு தேவைகளையும் ஒரே பணியில் இணைத்தவர் வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி.

லாம்டன் கையாண்ட முறை முக்கோண அளவை. முதலில் சமதளத்தில் ஒரு கோட்டின் நீளத்தைச் சங்கிலியால் மிகத் துல்லியமாக அளப்பார்கள். அதற்கு அடிக்கோடு என்று பெயர். பின்னர் அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாவது புள்ளி ஒன்றைப் பார்த்துக் கோணங்களை அளப்பார்கள். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் சங்கிலி கொண்டு அளக்காமலேயே அளந்து செல்லலாம்.

இம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். பூமி வளைந்திருப்பதால் தரையில் நிற்பவருக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. 66 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அது 29 கிலோமீட்டர் வரை நீள்கிறது. அதே உயரமுள்ள இரு கோபுரங்கள் 58 கிலோமீட்டர் இடைவெளியிலும் ஒன்றையொன்று பார்க்க முடியும். அதனால்தான் அளவையாளர்கள் மலையுச்சிகளைத் தேடிச் சென்றனர். ஆளரவமற்ற உச்சிகளில் காட்டை வெட்டி வழிசெய்து, கருவியைத் தூக்கிச் சென்று, காற்றும் மூடுபனியும் விலகும் வரை நாள்கணக்கில் காத்திருந்தனர். பின்னாளில் பொழுதுபோக்காக ஆன மலையேற்றம், அவர்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது.

பெருங்கருவியின் பயணம்

1802 ஏப்ரல் மாதத்தில் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கும் பணியை லாம்டன் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரத் தாங்கிகளின் மேல் வைத்து, வெயிலில் நீளும் அளவையும் கணக்கில் கொண்டு அப்பணி நடந்தது. கோணங்களை அளப்பதற்கான கருவி அப்போது வந்து சேரவில்லை.

அந்தக் கருவி லண்டனைச் சேர்ந்த வில்லியம் கேரி செய்த பெரிய தியோடலைட். சுழலும் தொலைநோக்கியும் பாகை, கலை, விகலை என நுண்ணிதாகப் பிரித்தறியும் வட்டமும் கொண்டது அது. வட்டத்தின் விட்டம் 36 அங்குலம். கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் நடுக்கடலில் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். 1802 செப்டம்பரில் அது லாம்டனிடம் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு ஆறு ஆண்டுகள் அக்கருவி தென்னிந்தியாவின் குன்றுகளில் ஏறி இறங்கியது. வண்டி போகாத இடங்களில் ஆட்களே தோளில் சுமந்தனர். சுமையாட்கள், கொடி பிடிப்போர், காவலர், பாதை வெட்டுவோர் எனப் பெருங்கூட்டம் உடன் நடந்தது. காய்ச்சலும் காட்டு விலங்குகளும் அவர்களை வருத்தின. உச்சிகளில் பறந்த கொடிகளும் ஊரை நோக்கித் திரும்பிய தொலைநோக்கியும் சில இடங்களில் மக்களின் ஐயத்தையும் எதிர்ப்பையும் எழுப்பின.

1808: கயிறு அறுந்தது

அளவைப் பணி காவிரி டெல்டாவுக்கு வந்தபோது சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஏறுவதற்கு மலை இல்லை. வயல்வெளியின் வரப்பில் நின்றால் அடுத்த ஊரின் தென்னந்தோப்பே பார்வையை மறைத்தது. கோபுரங்களே துணையாயின. கங்கைச் சமவெளியில் பின்னாளில் இதே சிக்கல் எழுந்தபோது அளவையாளர்கள் செங்கல்லால் தனிக் கோபுரங்களைக் கட்ட வேண்டியிருந்தது. காவிரிச் சமவெளியில் சோழரும் அவருக்குப் பின்வந்தோரும் எழுப்பிய கோபுரங்கள் முன்பே நின்றிருந்தன. அவற்றுள் உயர்ந்தது தஞ்சை விமானம்.

அரை டன் எடையுள்ள கருவியைக் கோயில் விமானத்தின் உச்சிக்கு ஏற்றுவது மலையில் சுமந்து செல்வதைவிடக் கடினமானது. மலையில் பாதை சாய்ந்து செல்லும்; சுமையாட்கள் இடையிடையே இறக்கி வைத்து இளைப்பாறலாம். இங்கே கருவியைப் பெட்டியோடு கட்டி, கப்பிகள் வழியே கயிற்றால் நேராக மேலே இழுக்க வேண்டும். பெட்டி சுவரில் உராயாமல் இருக்கப் பக்கக் கயிறுகளால் விலக்கிப் பிடிக்க வேண்டும். ஏறிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கக் கயிறு அறுந்தது. பெட்டி ஊசலாடி விமானத்தின் கற்சுவரில் பலமாக மோதியது.

பெட்டிக்குள் இருந்தும் கருவி தப்பவில்லை. கிடைவட்டத்தோடு இணைந்த திருகின் மேல் அடி விழுந்தது. சீரான வட்டமாக இருந்த விளிம்பு கோணலானது. மையத்திலிருந்து விளிம்பைத் தாங்கும் ஆரக்கால்கள் வளைந்தன. லாம்டனிடம் 1818இல் உதவியாளராகச் சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பின்னாளில் எழுதிய விவரத்திலிருந்து இச்செய்திகள் தெரிய வருகின்றன. பார்த்தவர்கள் அக்கருவி இனிப் பயன்படாது என்றே எண்ணக்கூடிய நிலையில் அது இருந்தது.

கயிற்றை இழுத்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை. அளவைத் துறையின் தொடக்ககால வரலாற்றில் அதிகாரிகளின் பெயர்களே முன்னிற்கின்றன. அவர்களின் ஒவ்வொரு கணக்குக்கும் பின்னால் பாரம் சுமந்த தோள்கள் இருந்தன.

ஒரு விகலையின் மதிப்பு

சேதம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் கிடைப்பது ஒரு விகலை. 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது 0.002 மில்லிமீட்டர் அளவே. அது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அதனால்தான் வட்டத்தின் கோடுகளை நுண்ணோக்கி வழியாகப் படித்தார்கள். கோணத்தில் ஒரு விகலை பிழைத்தால் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புள்ளி 24 சென்டிமீட்டர் விலகிவிடும். ஒரு முக்கோணத்தின் பிழை அடுத்ததற்குச் செல்லும். நூறாவது முக்கோணத்தில் அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அத்தகைய வட்டம்தான் கற்சுவரில் மோதி வளைந்திருந்தது.

மாற்றுக் கருவி இங்கிலாந்திலிருந்து கடல்வழியே வர நீண்ட காலம் ஆகும். அதுவரை பணியை நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, வேலையாட்களைத் தவிர யாரையும் உள்ளே விடாமல் தாமே பழுதுபார்க்கத் தொடங்கினார். கருவியை முழுவதும் பிரித்தார். பெரிய தட்டையான பலகையொன்றில் வட்டத்தின் சரியான அளவை வரைந்தார். ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். வளைந்த ஆரக்கால்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கு வந்தது.

ஏறக்குறைய என்ற சொல் இங்கே முக்கியமானது. வட்டம் முழுமையாகச் சீராகிவிட்டது என்று சொல்ல முடியாது. அத்தகைய கருவியில் ஒரே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் மீண்டும் மீண்டும் அளந்து சராசரி எடுப்பதன் மூலமே பிழையைக் குறைக்க முடியும். அக்கருவியுடன் லாம்டன் தெற்கே தொடர்ந்து, 1809இல் குமரி முனைப் பகுதியை அடைந்தார். பின்னர் வடக்கே திரும்பினார். 1818இல் இப்பணிக்குப் 'பெரும் முக்கோணவியல் நில அளவை' என்ற பெயர் வழங்கப்பட்டது. 1823 சனவரியில், பணியின் நடுவே, இன்றைய மகாராட்டிர மாநிலத்திலுள்ள இங்கன்காட்டில் லாம்டன் இறந்தார்.

கருவியின் வாழ்வு அத்துடன் முடியவில்லை. 1830களில் ஹென்றி பாரோ என்ற கருவிச் செய்நர் அதைப் புதுப்பித்தார். அவருக்குப் பின் 1843இல் அப்பணிக்கு வந்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மிர் மொகசின் உசேன். ஐரோப்பியர் மட்டுமே வகித்துவந்த ஒரு நுட்பப் பணியில் தமிழகத்திலிருந்து சென்ற கைவினைஞர் ஒருவர் அமர்ந்தார் என்பது அளவை வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வு.

சமவெளியிலிருந்து சிகரத்துக்கு

லாம்டன் தொடங்கிய முக்கோணச் சங்கிலியை எவரெஸ்ட் இமயமலை அடிவாரம் வரை கொண்டு சென்றார். அவருக்குப் பின்வந்த ஆண்ட்ரூ வா காலத்தில் இமயச் சிகரங்களின் உயரங்கள் கணக்கிடப்பட்டன. நேபாளத்துக்குள் செல்ல அளவையாளர்களுக்கு அனுமதி இல்லை. எனவே 1849ஆம் ஆண்டளவில் இன்றைய பீகாரின் சமவெளி நிலையங்களில் நின்று, 170 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து சிகரங்களைப் பார்த்துக் கோணங்களை அளந்தனர். வங்காளக் கணிதவியலாளர் ராதாநாத் சிக்தாரின் கணக்கீடுகள் இப்பணியில் முதன்மையானவை. பதினைந்தாம் எண்ணிட்ட சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு எவரெஸ்ட் என்று பெயரிடப்பட்டது. அது 8,840 மீட்டர். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது மீட்டரே.

உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்பதை மனிதர் அறிந்தது அதில் ஏறி அல்ல. நெல்லும் கோதுமையும் விளையும் தட்டையான நிலத்தில், சற்றே உயர்ந்த மேடைகளில் நின்றுதான் அது அறியப்பட்டது. அந்த முறையின் இந்தியத் தொடக்கம் பரங்கிமலையில் என்றால், அதன் கடுஞ்சோதனை தஞ்சாவூரில் நடந்தது.

வேலை பொழுதுபோக்கானது

அளவையாளர்களுக்கு முன்பே தமிழ்நாட்டின் மலைகளில் மனிதர் ஏறி வந்தனர். நீலகிரியில் தோடர், கோத்தர், இருளர் முதலியோரும், பழனிமலையிலும் ஆனைமலையிலும் பல பழங்குடி மக்களும் மலைகளிலேயே வாழ்ந்தனர். வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை போன்ற மலைகளுக்கு வழிபாட்டுக்காக மக்கள் ஏறினர். ஏறுவதே நோக்கமாக ஏறும் வழக்கம் இதிலிருந்து வேறுபட்டது.

அளவைப் பணி அந்த வழக்கத்துக்கு வழி திறந்தது. 1812இல் கம்பெனியின் நில அளவையாளர்கள் நீலகிரிக்குச் சென்றனர். 1819இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் அங்கு ஏறினார். சில ஆண்டுகளில் உதகமண்டலம் உருவானது. 1821இல் வார்டு என்ற அளவை அதிகாரி பழனிமலையை அளந்தார். 1845இல் கொடைக்கானலில் குடியிருப்புகள் தோன்றின. சமவெளியின் வெப்பத்திலிருந்து ஓய்வுக்காக வந்தவர்கள் மாலை நடையாகவும் வேட்டையாகவும் சிகரங்களைச் சுற்றத் தொடங்கினர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடியில் 1862இல் சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் ஏறியதே எழுத்தில் பதிவான முதல் ஏற்றம். மலைவாழ் மக்கள் அதற்கு முன்பே அங்கு சென்றிருக்கக்கூடும். 'முதல் ஏற்றம்' என்ற சொல் பெரும்பாலும் முதலில் எழுதி வைத்தவரையே குறிக்கிறது.

உலகின் பிற பகுதிகளிலும் அளவையும் நடையும் இவ்வாறே பிணைந்தன. லண்டனில் மலையேறுவோருக்கான ஆல்பைன் கழகம் 1857இல் தொடங்கப்பட்டது. 1927இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி புஷ்வாக்கர்ஸ் சங்கம் தோன்றியது. பிரிட்டனில் 1936இல் தொடங்கிய மறு அளவைக்காகக் குன்றுகளின் உச்சியில் கான்கிரீட் தூண்கள் நிறுவப்பட்டன. செயற்கைக்கோள் அளவை வந்த பிறகு அவற்றின் பயன் குறைந்தது. இப்போது அத்தூண்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று தொடுவதே பலருக்குப் பொழுதுபோக்காக உள்ளது. இந்தியாவில் 1928இல் இமாலயக் கழகம் அமைந்தது. 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அடுத்த ஆண்டே டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பின்னரே இந்தியரிடையே இப்பொழுதுபோக்கு பரவலானது.

ஆற்றின் வழியே மலைக்கு

டெல்டா மக்களை மலையோடு இணைப்பது காவிரி. வயலில் பாயும் நீர் குடகு நாட்டின் பிரம்மகிரி மலையிலுள்ள தலைக்காவிரியில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் பிறக்கிறது. சுமார் 800 கிலோமீட்டர் ஓடி பூம்புகாரில் கடலில் கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பெய்தால் மேட்டூர் நிரம்பும். மேட்டூர் திறந்தால் குறுவை நடும். மலையில் காலடி வைத்திராத உழவரின் ஆண்டுக் கணக்கும் மலை மழையைச் சார்ந்தே இருக்கிறது.

இந்தத் தொடர்பை நடையாகவும் பயணமாகவும் ஆக்கிய நூல் 'நடந்தாய் வாழி காவேரி'. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த தி. ஜானகிராமனும் அவருடைய நண்பர் சிட்டியும் காவிரியின் போக்கைப் பின்பற்றிச் சென்று எழுதிய இந்நூல் 1971இல் வெளிவந்தது. சிகரத்தை வெல்வது அதன் நோக்கமல்ல. தங்கள் ஊர் வழியே ஓடும் ஆறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே நோக்கம். சமவெளியிலிருந்து மலைக்குச் செல்லும் தமிழரின் பயண எழுத்தில் அதற்குத் தனி இடம் உண்டு.

குரங்கணியும் அதன் பின்னும்

இரண்டாயிரத்துக்குப் பின் தமிழ்நாட்டு நகரங்களில் வார இறுதி மலையேற்றம் விரைவாகப் பெருகியது. வரைபடமும் உயரமும் பாதையும் கைப்பேசியிலேயே கிடைத்தன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மார்ச் மாதத்தில் மலைச்சரிவின் புல் காய்ந்து கிடக்கும். காற்றோடு சேர்ந்தால் தீ சரிவில் மேல்நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாகப் பரவும்.

ஒரு சிகரத்தின் உயரத்தை வரைபடம் சொல்லும். எந்த மாதத்தில் அதன் புல் எரியும் என்பதைச் சொல்லாது. அதை அறிந்தவர்கள் அம்மலையில் வாழ்பவர்கள். விபத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளை வகுத்தது. வனத்துறை அனுமதியின்றிக் காப்புக்காடுகளுக்குள் செல்வது குற்றமாகும். 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 தடங்கள் எளிது, மிதமானது, கடினம் என வகைப்படுத்தப்பட்டுள்ளன. மலைவாழ் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக உடன் செல்கின்றனர். அளவைக் காலத்தில் பாரம் சுமந்து பெயரின்றி நடந்தவர்களின் இடத்தில், இன்று ஊதியமும் பொறுப்பும் உடைய வழிகாட்டிகள் முன்னால் நடக்கிறார்கள். இப்பொழுதுபோக்கின் வரலாற்றில் இது ஒரு முக்கியமான மாற்றம்.

இன்றைய நிலை

தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. விமானத்தின் மேல் ஏறப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பழுதுபார்க்கப்பட்ட பெரிய தியோடலைட், டேராடூனில் இந்திய நில அளவைத் துறையின் வசம் உள்ளது. மலையேற விரும்பும் டெல்டா இளைஞர் இன்றும் முதலில் கொல்லிமலைக்கோ பச்சைமலைக்கோதான் பேருந்து ஏற வேண்டும். ஆனால் அவர் கையிலுள்ள வரைபடத்தின் பழைய கணக்குகளைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அவை அவருடைய ஊர்க் கோயிலின் சுவரில் ஒருமுறை மோதி, ஆறு வாரம் நின்று, மீண்டும் புறப்பட்டவை என்பது தெரியவரும்.